அடிச்சட்டமும் மேற்கூடும்

மோட்டார் வண்டியை வாங்குபவர் அதனை ஒரே பொருளாகக் காண்கிறார். அதனைப் பழுதுபார்க்கும் தொழிலாளிக்கோ அது இரண்டு பொருள்கள். ஒன்று, எஞ்சினையும் சில்லுகளையும் தாங்கிநிற்கும் இரும்பு அடிச்சட்டம். பட்டறை வழக்கில் 'செசி'. மற்றது, ஆட்களையும் பொதிகளையும் ஏற்றும் மேற்கூடு. பட்டறை வழக்கில் 'பொடி'. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வீட்டு வளவுக்குள்ளே, வேம்பின் பருத்த கிளையில் கப்பி கட்டி, பழைய ஜீப் ஒன்றின் உக்கிய கூட்டைத் தூக்கி அகற்றி, வேறொரு கூட்டை இறக்கிப் பொருத்துவது பல தலைமுறைகளாக நடந்துவந்த வேலை. இதனைக் கண்டவர்கள் "யாழ்ப்பாணத்தான் கெட்டிக்காரன்" என்று மெச்சிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மெச்சுதலோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. புதிய வண்டி வாங்காமல் பழைய வண்டிக்குக் கூடு மாற்றியது ஏன்? மாற்றிய கைகள் யாருடையவை? மாற்றிய கூட்டினுள்ளே யார் அமர்ந்தார்கள், யார் அமர விடப்படவில்லை? இந்த மூன்று வினாக்களையும் பின்தொடர்ந்தால், கடந்த நூறாண்டுக் குடாநாட்டு வாழ்வின் பெரும்பகுதி நம் கண்முன் வரும்.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தைக் களைய வேண்டும். அடிச்சட்டத்தையும் கூட்டையும் பிரிப்பது வறுமையில் பிறந்த குறுக்குவழி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மோட்டார் வாணிபமே அந்தப் பிரிவின்மீதுதான் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் குடியேற்ற நாடுகளுக்கு லொறிகளும் பஸ்களும் பெரும்பாலும் வெறும் அடிச்சட்டமாகவே கப்பலேறின. கூடு இல்லாத வண்டி கப்பலில் குறைந்த இடத்தைப் பிடித்தது; கூலி மலிவான நாட்டில் கூடு கட்டுவது இலாபமாகவும் இருந்தது. எஞ்சினும் இரும்பும் வெளியிலிருந்து வந்தன. மரமும் உழைப்பும் இங்கே கிடைத்தன. மாட்டுவண்டியும் வள்ளமும் கட்டிப் பழகிய தச்சரின் உளி, மோட்டார் வண்டிக்கும் கூடு கட்டியது. சில்லுக்குப் பட்டம் போட்ட கொல்லரின் உலை, வண்டிக் கூட்டுக்கு இரும்புப் பிடிகளையும் பட்டைகளையும் வார்த்தும் வளைத்தும் தந்தது. குடியேற்றப் பொருளாதாரத்தின் முழு உருவமும் அந்த ஒரு வண்டியில் தெரிகிறது: விலை கூடிய பாதி அங்கே உற்பத்தியாயிற்று, விலை குறைந்த பாதி இங்கே உழைப்பாயிற்று.

இந்தக் கலப்பில் பிறந்ததுதான் நம்மவர் 'தட்டிவான்' என்று அன்போடு அழைத்த வண்டி. பிறநாட்டு அடிச்சட்டத்தின்மேல் மரச்சட்டங்களால் கட்டிய, பக்கங்கள் திறந்த கூடு. உள்ளே நீளப் பலகை இருக்கைகள். பின்புறத்தில் கீழிறக்கிச் சங்கிலியில் தொங்கவிடும் தட்டி. அத்தட்டியில் வாழைக்குலையும் ஏறும், புகையிலைச் சிப்பமும் ஏறும், மீன்கூடையும் ஏறும். இடம் இல்லாதபோது மனிதரும் ஏறுவர். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் பலர் உளர். 1958 சனவரி முதலாந் திகதி இலங்கையின் தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அது மக்களுக்கு நன்மை தந்த நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டக்காரன் தன் விளைச்சலோடு சேர்ந்து சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. பொதிக்கும் ஆளுக்கும் ஒன்றாக இடங்கொடுத்த தட்டிவான் அதனாலேயே பின்னும் நெடுநாள் நின்றது.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியின் கதை இதனோடு வந்து இணைவது இரண்டாம் உலகப் போரில். அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்தன. அழிப்பதற்கென்று செய்யப்பட்ட அவ்வண்டிகள் போர் முடிந்தபின் உலகெங்கும் எஞ்சிக் கிடந்தன. பிலிப்பைன்ஸில் எளிய மக்கள் எஞ்சிய ஜீப்புகளின் பின்புறத்தை நீட்டி, கூரை போட்டு, எதிரெதிர் இருக்கைகள் வைத்து, 'ஜீப்னி' என்ற பொதுமக்கள் வண்டியாக மாற்றினர். போரால் நொறுங்கிய மனிலா நகரின் போக்குவரத்து அவ்வண்டிகளால் மீண்டும் உயிர்பெற்றது. இங்கிலாந்திலும் நடந்தது இதுவே. றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரான மொறிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் போரில் எஞ்சிய ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு மாற்றாக ஒரு வண்டி செய்ய எண்ணியபோது, 1947 இல் முதல் மாதிரியை ஜீப்பின் அடிச்சட்டத்தின்மீதே கட்டினார்கள். 1948 ஏப்பிரலில் ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் அவ்வண்டி லாண்ட்றோவர் என்ற பெயரோடு வெளிவந்தது. அன்று இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால், விமானத் தொழிலில் பழகிய அலுமினியக் கலவைத் தகட்டால் அதன் கூட்டைச் செய்தனர். உலகப் புகழ்பெற்ற வண்டியும் ஒருவர் அடிச்சட்டத்தின்மேல் இன்னொருவர் வைத்த கூடாகத்தான் தொடங்கியது. இல்லாமை அங்கேயும் இருந்தது. அங்கே அதனைப் பொறியியல் என்றார்கள். நம் வளவுகளில் நடந்தபோது அதனை ஒட்டுவேலை என்றார்கள்.

இலங்கையும் போர்த்தளமாயிருந்த நாடு. 1944 இல் தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. பலாலி விமான ஓடுதளம் அப்போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்தது. போர் முடிந்து படைகள் நீங்கியபின் ஜீப்பு இங்கும் குடிமக்களின் வண்டியாயிற்று. மணற்காட்டின் மணல்மேடுகளிலும், மாரியில் சேறாகிவிடும் வன்னி வயற்பாதைகளிலும் இரு சில்லு இழுக்கும் வண்டி புதைந்து நின்றபோது, நான்கு சில்லும் இழுக்கும் வண்டி வெளியேறி வந்தது. விறகும் நெல்லும் நோயாளியும் அதில் ஏறிவந்தனர்.

அவ்வண்டியின் கூட்டை மாற்றுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கைத்தொழிலின் உள்ளீட்டை அறியாமல் தொழிலாளியை மதிப்பது வெறும் வாய்ச்சொல்லாகிவிடும். முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றி, எரிபொருள் தாங்கியை வெறுமையாக்குகிறார்கள். மின்கம்பிகள் ஒவ்வொன்றிலும் துணியோ காகிதமோ கட்டி அடையாளமிடுகிறார்கள். இதனைத் தவறவிட்டவன் பின்னர் நாட்கணக்கில் தேட வேண்டிவரும். அதன்பின் கூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ஓடும் உறவுகள் அனைத்தையும் அறுக்க வேண்டும்: திருப்புசில்லின் தண்டு, கிளச்சு பிரேக் மிதிகள், பிரேக் எண்ணெய்க் குழாய், வேகமானியின் கம்பி. நான்கு சில்லு வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரண கியர்த் தடியோடு, முன்சில்லுகளை இணைக்கவும் தாழ்வேகத்துக்கு மாற்றவும் வேறு தடிகளும் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. புதிய கூட்டின் துளைகள் இவற்றுக்கு ஒரு விரலளவு பிசகினாலும் கியர் சரியாக விழாது.

அடுத்து, கூட்டைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகள். உப்புக்காற்று வீசும் கடற்கரைக் கிராமங்களில் அவை துருவேறி ஒன்றாகிவிட்டிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுவார்கள். அதற்கும் அசையாதவற்றைச் சூடாக்குவார்கள். அதற்கும் அசையாதவற்றை வெட்டுவார்கள். லாண்ட்றோவரின் அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அலுமினியமும் உருக்கும் உப்பீரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியமே வெண்பொடியாகக் கரைகிறது. சாரதியின் முன்னேயுள்ள உருக்குத் தடுப்பும், உள்ளே குழலாயிருக்கும் அடிச்சட்டமும் உள்ளிருந்தே உக்குகின்றன. எனவே கூட்டைத் தூக்கியதும் அனுபவசாலி செய்யும் முதல் வேலை சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலிக்கும்.

பின்னர், சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு அவர்கள் கையாளும் முறை வீடு கட்டும் மேசன்மாரின் முறையே: எதிரெதிர் மூலைகளுக்கு இடையே நூல் பிடித்து இரு குறுக்களவுகளையும் ஒப்பிடுவது. இரண்டும் சமமானால் சட்டம் நேர். வகுப்பறையில் நாம் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று கரும்பலகையில் நிறுவுகிறோம். பட்டறையில் அதே தேற்றத்தின்மேல் மனித உயிர்கள் பயணம் செய்கின்றன. கடைசியாக, பழைய ரயரை வெட்டிய இறப்பர்த் துண்டுகளை இடையே வைத்துப் புதிய கூட்டை இறக்குவார்கள். மரக்கூடு என்றால் அதன் பாரத்தையும் கணக்கிட வேண்டும். பாரம் மேலேறினால் வில்லுத்தகடுகள் தாழும். வளைவில் வண்டி சரியும். இத்தனை கணக்கையும் ஏட்டில் எழுதிவைத்தவர் இல்லை. குருவின் கையைப் பார்த்துச் சீடன் கற்றான், அவ்வளவுதான்.

இவ்வளவு உழைப்பைப் பழைய வண்டியில் ஏன் கொட்டினார்கள்? விடை அரசியற் பொருளாதாரத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதிய மோட்டார் வண்டி சாதாரண மனிதனுக்கு எட்டாப் பொருளாயிற்று. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. ஆனால் அதே கொள்கையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டமையால் யாழ்ப்பாணத்து, வன்னியத்துத் தோட்டக்காரரின் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. புதிய வண்டியின் வரவை மறித்த கொள்கையே பழைய வண்டியைத் திருத்துவதற்குரிய காசைத் தோட்டக்காரன் மடியில் வைத்தது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டியிருந்தது, புதியது வராது, ஆகவே பழையதற்குக் கூடு மாறிற்று. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது வெளிநாட்டு வண்டியும் வந்தது, வெளிநாட்டு வெங்காயமும் வந்தது. கடையில் வண்டி நின்றது. தோட்டத்தில் விலை விழுந்தது.

கூடு மாறினாலும் வண்டியின் பதிவு மாறுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பதிவேட்டில் ஒரு வண்டியை அடையாளங்காட்டுவது அதன் செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமுமே. ஆகவே மேலே எல்லாம் புதிதாயினும், முன்னே தொங்கிய இலக்கத்தகடு பழையதாகவே இருந்தது. அந்தத் தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள 'சிறீ' எழுத்தைக் கட்டாயமாக்கும் விதி 1957 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. தமிழ் மக்கள் எதிர்த்தனர். 1958 மார்ச்சில் சிறீ எழுத்துத் தாங்கிய அரசு பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மீண்டும் மூண்டது. ஏப்பிரலில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் தென்னிலங்கை எங்கும் தமிழர்மீது வன்செயல் பாய்ந்தது. ஒரு தகட்டின் ஓர் எழுத்தில் அடக்கப்பட்ட அவமதிப்பு எத்தனை உயிர்களைப் பலிகொண்டது! பழைய ஆங்கில எழுத்துத் தகட்டோடு தொடர்ந்து ஓடிய வண்டிகளுக்கு, அவற்றின் உரிமையாளர் எண்ணியிராத ஒரு பொருளும் அதன்பின் வந்து சேர்ந்தது.

ஆனால் பிறர் நமக்கு இழைத்த அவமதிப்பை மட்டும் எழுதிவிட்டு, நாம் நம்மவர்க்கு இழைத்ததை மறைப்பது நேர்மையான வரலாறாகாது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பஸ்ஸின் இருக்கையில் அமரக்கூடாது என்ற கொடுமை நிலவியது. வாடகைக் காரிலும் அவர்களை ஏற்ற மறுத்தனர். காசு ஒன்றே, இருக்கை ஒன்றல்ல. தச்சர் இழைத்த பலகை யாரையும் தள்ளவில்லை; அதன்மேல் அமர்ந்த மனிதர்களே தள்ளினார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் பஸ்கள் பொதுச் சொத்தாயின. சட்டத்தின் பார்வையில் பயணச்சீட்டு வாங்கியவர் எல்லோரும் சமமானார்கள். எனினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் நுழைவுரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட முடியாது. வண்டியின் கூட்டைப் பல தடவை மாற்றிய சமூகம், தன் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கத் தயங்கியது.

1990 இல் நிலைமை வேறொரு கட்டத்தை அடைந்தது. யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது; யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது; பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப்பட்டியலில் அடங்கின. அப்போது ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மீண்டும் சாலைக்கு வந்தன. காரணம் பழமைப் பற்றன்று. அவற்றின் எஞ்சின்களில் அமுக்கவிகிதம் குறைவு. அதனால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை முடுக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கண்ணை எரிக்கும் புகை வந்தது. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆயினும் நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அக்காலத்தில் உக்கிய கூட்டுக்கு மாற்றாகக் கிடைத்தது பலகையும், பீப்பாயை வெட்டி விரித்த தகரமுமே. 1995 அக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, சைக்கிள்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் இடையே இவ்வகை வண்டிகளும் ஊர்ந்தன. கூட்டில் ஏற்ற முடிந்தவற்றை ஏற்றினார்கள்; ஏற்ற முடியாதவற்றை விட்டுப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய கார் இன்று சுவையான கதையாகச் சொல்லப்படுகிறது. தட்டிவானுக்கு வண்ணம் பூசி அலங்காரப் பொருளாக நிறுத்துகிறார்கள். நினைவுகூர்தல் நல்லதே. ஆனால் தடையையும் பட்டினியையும் விதித்தவர்களை மறந்துவிட்டு, அதனைத் தாங்கியவரின் சாதுரியத்தை மட்டும் கொண்டாடினால், மக்களை எவ்வளவு நெருக்கினாலும் அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள் என்ற பாடமே ஆட்சியாளர் காதில் விழும். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. மருந்து வந்துசேராத வீடுகளும், நேரத்துக்கு வண்டி வராத பிரசவங்களும் அந்த விலையின் பகுதிகள்.

2002 இல் ஏ-9 பாதை திறந்தது. 2006 ஆகஸ்டில் மூடியது. 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. புதிய வண்டிகளும், அவற்றை வாங்கத் தவணைக் கடன் தரும் கம்பனிகளும் ஒன்றாகவே வடக்கே வந்தன. முன்னர் ஒருவன் தன் சொந்த வண்டிக்குத் தவணை தவணையாகக் கூடு கட்டினான். இப்போது தவணை தவறினால் வண்டியே பறிபோகும் நிலை வந்தது. வரலாறு அத்தோடும் நிற்கவில்லை. 2020 மார்ச்சில் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி மீண்டும் தடுக்கப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில், 2022 இல், நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றது. பழைய வண்டியின் விலை ஏறியது. அதனைத் திருத்தத் தெரிந்த கைகளைத் தேடி மக்கள் மறுபடியும் பட்டறைக்குப் போனார்கள். போனவர்கள் கண்டது என்ன? அத்தொழிலறிந்த முதியவர்கள் சிலரே எஞ்சியிருந்தார்கள். கற்கவேண்டிய இளைஞர் பலர் கடல்கடந்து போயிருந்தார்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய ஒரு வேலை இங்கே காத்திருக்கிறது. நம் ஊர்களில் கோயில்களுக்கு வரலாறு எழுதியிருக்கிறோம். கல்லூரிகளுக்கு மலர் வெளியிட்டிருக்கிறோம். பஸ் கம்பனிகளை நடத்திய முதலாளிகளின் பெயர்களும் ஆங்காங்கே ஏட்டில் ஏறியிருக்கின்றன. கூடு கட்டியவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவன் எந்த மரத்தை எந்தப் பகுதிக்குத் தேர்ந்தான், எந்த அளவில் வெட்டினான், எத்தனை நாள் உழைத்தான், என்ன கூலி பெற்றான், யாரிடம் கற்றான், சாதியின் காரணமாக எந்த வாசலில் நிறுத்தப்பட்டான் என்பவை இன்னும் சிலரது நினைவில் மட்டும் உள்ளன. பட்டறைகளில் வழங்கும் சொற்களுங்கூட எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. விடுமுறை நாள்களில் மாணவர் இருவர் மூவராகக் குறிப்பேட்டோடு தம்மூர்ப் பட்டறைக்குப் போகட்டும். முதியவரைப் பேசவைத்து, அவர் சொன்னபடியே எழுதட்டும். கூட்டின் அளவுகளை வரைந்து வைக்கட்டும். எழுதியதைப் பாடசாலை நூலகத்தில் சேர்த்துவைக்க அதிகச் செலவாகாது. அம்முதியவர்களுக்கு இன்னும் எத்தனை காலம் உண்டு என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த வேலையை அடுத்த தவணைக்கென்று ஒத்திவைக்கலாகாது.